4×6 பிரின்ட்டில் பின்வரிசைத் தலைகள் வெட்டுப்படுகின்றன

குரூப் போட்டோவை ஸ்டூடியோவுக்கு அனுப்பும் முன் நீங்களே கிராப் விகிதத்தை (வெட்டும் அளவின் அகலம்:உயரம்) 3:2 என்று வைத்து வெட்டிவிடுங்கள். தலை தப்பிக்கும்.

உங்கள் போன் படம் அநேகமாக 4:3. 4×6 அங்குலத் தாளோ 3:2. அகலத்தை 6 அங்குலமாக்கினால் உயரம் 4.5 அங்குலம் வரும். அதை நடுவில் வைத்துப் பிரின்ட் போட்டால் மேலேயும் கீழேயும் கால் அங்குலம் போகும். தலைகள் நிற்பதே அந்தக் கால் அங்குலத்தில்தான்.

கிராப் சட்டத்தை மேலே நகர்த்தி, தரையை விட்டுக்கொடுங்கள். கணுக்காலில் மட்டும் கோடு விழ வேண்டாம், உறுத்தும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். ஓரமில்லாப் பிரின்ட் இன்னும் ஒரு நூலளவு தின்னும்.

வெட்டியபின் பிக்சல் அளவைப் பாருங்கள்: 1800×1200 இருந்தால் தெளிவாக வரும்.

படத்தில் மேலேயும் கீழேயும் இடமே இல்லையென்றால் கிராப் உதவாது. வெள்ளை ஓரத்தோடு முழுப்படத்தையும் போடச் சொல்லுங்கள்.