தண்ணீர்க் கரையில் கச்சேரி அரங்கம்: கேள்வி பதில்

பெயர் பெற்ற இசை அரங்குகள் பல ஏன் தண்ணீர் ஓரமாகவே நிற்கின்றன, அவற்றை எப்படிக் கட்டுகிறார்கள் என்று மதுரைப் பக்கத்து வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அரங்க ஒலியமைப்பு வேலை பார்க்கும் கட்டடக் கலைஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

தெப்பக்குளத்திலிருந்து ஒரு வீணை ஆசிரியை: தைப்பூசத் தெப்பத்தன்று நாகஸ்வரம் தண்ணீரைத் தாண்டி வந்து காதில் விழுவது தனி சுகம். அரங்குகளைக் கரையில் கட்டுவதும் அதற்காகத்தானா?

நீங்கள் கேட்டது பிரமை இல்லை அம்மா. தண்ணீர் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் நேரத்தில், மேலே போய்விட வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். அசையாத நீர்ப்பரப்பு ஒலியை அவ்வளவாகக் குடிப்பதும் இல்லை. ஆனால் இதெல்லாம் திறந்த வெளிக்குத்தான். நாலு சுவர் எழுப்பிக் கதவைச் சாத்தினால் அந்தத் தண்ணீரால் உள்ளே ஒரு லாபமும் கிடையாது. சொல்லப்போனால் தொல்லைதான்: கப்பல் சங்கு, படகு மோட்டார், காற்று.

செல்லூர் வாசகர்: அப்புறம் ஏன் அங்கேயே போய்க் கட்டுகிறார்கள்?

ஊருக்கு நடுவில் இடம் காலியானது அங்கேதான். பெரிய சரக்குக் கப்பல்கள் வந்த பிறகு பழைய துறைகள் பல வேலையற்றுப் போயின. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் எல்ப்பில்ஹார்மோனி அரங்கம் நிற்பதே 1960களில் கட்டிய ஒரு கிடங்கின் தலைமேல். கோகோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கியிருந்த இடம். சிட்னி ஆப்பரா ஹவுஸ் நிற்கும் முனையில் முன்பு டிராம் வண்டிகளுக்கான கொட்டகை இருந்தது.

திருமங்கலம், சிவில் எஞ்சினியர்: ஹாம்பர்க்கில் கப்பல் சங்குச் சத்தத்தை எப்படி அடக்கினார்கள் சார்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அங்கே இருப்பது ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. ஏறத்தாழ 2,100 பேர் உட்காரும் பெரிய அரங்கத்தின் உள்கூடு 12,500 டன் எடை. அதை வெளிக் கட்டடத்தோடு இறுக்கிக் கட்டாமல் 362 ஸ்பிரிங் தொகுதிகளின் மேல் வைத்தார்கள். வெளிக்கூடு அதிர்ந்தாலும் அந்த அதிர்வை ஸ்பிரிங்குகள் விழுங்கிவிடும்.

உள்ளே சுவரைத் தொட்டுப் பார்த்தால் வழவழப்பாக இருக்காது. சிப்பி சிப்பியாகக் குடைந்த ஜிப்சம் பலகைகள், சுமார் 10,000. ஒன்றின் குடைவு மாதிரி இன்னொன்று இருக்காது. ஒலி ஒரே திசையில் பட்டுத் திரும்பாமல் சிதறுவதற்காக ஜப்பானிய ஒலியியலாளர் யசுஹிசா டொயோட்டா செய்த ஏற்பாடு. கடைசி இருக்கையிலிருந்துகூட இசை நடத்துநர் 30 மீட்டருக்குள்தான் நிற்பார். 2017 ஜனவரியில் திறந்தார்கள். செலவு ஏகத்துக்கும் எகிறி ஊரே சண்டை போட்டது. ஆனாலும் அந்தச் செலவில் வாங்கிய நிசப்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மேலூர் வாசகர்: சிட்னி அரங்கின் கூரை பாய்மரத்தைப் பார்த்து வரைந்ததா?

பார்வைக்கு அப்படித்தான். கணக்கு வேறு. பாய் போலத் தெரியும் எல்லாக் கூடுகளும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே உருண்டையிலிருந்து வெட்டிய துண்டுகள். வளைவு ஒன்றே என்பதால் பாகங்களை அச்சு வார்த்தே அடுக்க முடிந்தது. அதை வடிவமைத்த டென்மார்க்குக்காரர் யோர்ன் உட்சோன் 1966இல் மனம் கசந்து விலகிப் போனார். 1973இல் திறந்தபோதும் வரவில்லை, அதற்குப் பிறகும் நேரில் வந்து பார்க்கவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

திருநகர், மிருதங்கம் வாசிப்பவர்: அண்ணே, நம்ம கச்சேரிக்கு அந்த மாதிரி அரங்கு ஒத்து வருமா?

அப்படியே தூக்கி வந்தால் ஒத்து வராது தம்பி. சிம்பொனிக்கு, வாசிப்பு நின்ற பிறகும் ஒலி இரண்டு விநாடி போல மிதக்க வேண்டும். அந்த அரங்கில் நீங்கள் மேல்காலத்தில், அதாவது வேகமாக, தனி ஆவர்த்தனம் வாசித்தால் மிருதங்கத்தின் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறிவிடும். நமக்கு ஒரு விநாடியும் சொச்சமும் போதும் என்பது என் கணிப்பு.

சிங்கப்பூரில் விரிகுடா ஓரமாக 2002இல் திறந்த எஸ்பிளனேடில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மேடைக்கு மேலுள்ள விதானம் ஏறி இறங்கும். திரையை இறக்கினால் கார்வை, அதாவது ஒலி மிதக்கும் நேரம், குறையும். அங்கே ‘கலா உத்சவம்’ என்று இந்தியக் கலைவிழாவே நடக்கிறது.

நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் டைல்ஸ் தரை, வெறும் சிமெண்டுச் சுவர், மேலே தகரக் கூரை. சத்தம் இரைகிறது என்று மைக்கைக் கூட்டுகிறார்கள், இன்னும் இரைகிறது. பின்சுவர் முழுக்கக் கனத்த துணித்திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, மைக்கைக் குறைத்துப் பாருங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

சிம்மக்கல் வாசகர்: வைகைக் கரையில் ஒன்று கட்டலாமா?

ஆற்றுக்குள் ஒரு தூண்கூட வேண்டாம். தண்ணீர் அதிகம் திறந்துவிட்டால் யானைக்கல் தரைப்பாலம் முங்குவதைப் பார்த்தவர்தானே நீங்கள்? மூடிய அரங்கை மேட்டில் கட்டுங்கள். கரைச் சாலை லாரிச் சத்தத்துக்குக் கதவுகளை இரட்டையாகப் போடுங்கள். கரையில் நிழலும் படிகளும் போதும். நார்வேயின் ஆஸ்லோ ஆப்பரா கூரை சரிவாகத் தண்ணீர் வரை இறங்குகிறது. டிக்கெட் இல்லாதவரும் ஏறி நடக்கலாம். நம் தெப்பக்குளத்துப் படிக்கட்டும் மைய மண்டபமும் 1645 முதல் அப்படித்தானே இருக்கின்றன? திருவிழா நாள் மட்டுமில்லாமல் மாதம் ஒரு மாலை அங்கே மைக் இல்லாத நாகஸ்வரம் வைக்கச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.