கவ்பாய் பூங்காவில் ஸ்டண்ட் வேலை: வாசகர் கேள்விகள்

பழைய அமெரிக்கக் கவ்பாய் ஊர்போல அமைத்த வைல்ட் வெஸ்ட் பூங்காக்களில் நடக்கும் ஸ்டண்ட் ஷோ பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். குதிரையைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், துப்பாக்கியைப் பற்றி ஒருவர்தான். எனக்குக் கவலை துப்பாக்கியில்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஷோவில் சுடுவது வெற்றுத் தோட்டாதானே? அதில் என்ன ஆபத்து?

வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லை, ஆனால் வெடிமருந்து இருக்கிறது. சுட்டதும் நெருப்பும் அழுத்தமான வாயுவும் குழாய் வழியாகப் பாயும். தோட்டாவின் வாயை அடைத்திருக்கும் அட்டைத் துண்டும் அதோடு சேர்ந்து வரும். 1984இல் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். மண்டையோட்டுத் துண்டு மூளைக்குள் இறங்கி, சில நாட்களில் இறந்துபோனார்.

அதனால்தான் ஷோவில் யாரும் யாரையும் நேராகக் குறிபார்ப்பதில்லை. எதிராளியின் தோளுக்குச் சற்று வெளியே குறி வைப்பார்கள். பார்வையாளர் இருக்கையிலிருந்து அந்த வித்தியாசம் தெரியாது. கிட்டே வந்துவிட்டால் சுடக்கூடாது, துப்பாக்கிப் பிடியால் அடிப்பதுபோல் காட்சியை மாற்றிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நிஜத் தோட்டா உள்ளே வந்துவிடுவது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 2015 அக்டோபரில் தெருச்சண்டை ஷோ ஒன்றில் இது நடந்தது. ஒரு கலைஞர் தாமதமாக வந்தார். ஷோவுக்கு முன் நடக்கும் பரிசோதனையில் அவர் துப்பாக்கியை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் இருந்தவை நிஜத் தோட்டாக்கள். சக கலைஞர் ஒருவர் சுடப்பட்டார், அக்கம்பக்கக் கட்டடங்களிலும் குண்டு பாய்ந்தது. அவ்வளவுக்கும் காரணம் ஒரு பரிசோதனை தவறியதுதான். தாமதமாக வந்தவருக்கு அந்த ஷோவில் துப்பாக்கி கிடையாது என்ற விதியில் நான் யாருக்கும் விலக்கு தரமாட்டேன், அவர் கதாநாயக ஷெரிஃபாகவே இருந்தாலும் சரி.

காதையும் கவனியுங்கள். துப்பாக்கி வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டக்கூடியது. தொப்பிக்கும் முடிக்கும் அடியில் காதடைப்பான் வெளியே தெரியாது, போட்டுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

சலூன் (கவ்பாய் ஊர் மதுக்கடை) கூரையிலிருந்து விழுகிறார்களே, கீழே என்ன இருக்கும்?

வைக்கோல் வண்டியோ, குதிரைத் தண்ணீர்த் தொட்டியோ, மூட்டை அடுக்கோ உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னாலோ அடியிலோ தடிமனான ஃபோம் மெத்தை அல்லது காற்றுப்பை இருக்கும். சினிமாவில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டு, தார்ப்பாயால் மூடுவார்கள். பெட்டி நசுங்கும்போது வேகம் குறைகிறது. அருமையான முறைதான், ஆனால் நசுங்கிய பெட்டிகளை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். ஒரே நாளில் பல ஷோ போடும் பூங்காவுக்கு அது ஒத்துவராது.

விழும்போது கால் முதலில் படக்கூடாது. கால் பட்டால் முழங்கால் மடங்கி முகத்தில் வந்து அடிக்கும். முதுகு தட்டையாகப் பட வேண்டும், தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். குதிக்கும் முன் மெத்தையின் நடுப்பகுதியைக் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். உடைகிற கைப்பிடிச் சுவர் பால்சா மரம், எடையே இருக்காது. அதன்மேல் சாய்ந்து நிற்கும் நடிப்பைத்தான் பயில வேண்டும், ஏனென்றால் கூரையில் இருக்கும்வரை உங்கள் உடம்பைத் தாங்குவது உங்கள் கால் மட்டுமே.

பலத்த காற்று அடித்தால் விழும் காட்சியை விட்டுவிடுவது நல்லது. ஸ்பெயினில் தபெர்னாஸ் பாலைவனம் மாதிரியான திறந்த வெளிகளில் இது அடிக்கடி எழும் பிரச்சினை. அங்கே அல்மேரியா நகரைச் சுற்றி 1960களில் வெஸ்டர்ன் (கவ்பாய்) படங்களுக்காகப் போட்ட செட்களில்தான் இன்றைய பூங்காக்கள் இயங்குகின்றன. கோடையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சகஜம். தோல் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் ஓடுபவருக்கு, விழுவதைவிட மயக்கம் வருவதுதான் உண்மையான பயம்.

குத்து நிஜமாகப் படுகிறதா?

படாது, படக்கூடாது. சினிமாவில் கேமரா ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கிறது, அதனால் முஷ்டிக்கும் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை மறைப்பது எளிது. அந்த உத்தியை ஹாலிவுட்டில் வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் யாகிமா கனட். ரோடியோ என்ற முரட்டுக் குதிரைச் சவாரிப் போட்டிகளில் சாம்பியனாக இருந்து ஸ்டண்டுக்கு வந்தவர், பின்னாளில் கௌரவ ஆஸ்கரும் பெற்றார். பூங்காவில் மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவரின் முதுகு எப்போதும் அந்த இடைவெளியை மறைக்கும்படி நின்றுகொள்ள வேண்டும். 'பளார்' சத்தம், வெளியே தெரியாத கை தன் நெஞ்சையோ தொடையையோ தட்டுவதால் வருவது.

அடிப்பவரைவிட அடி வாங்குபவருக்குத்தான் இதில் வேலை அதிகம். முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். இழுபடுபவர் இரண்டு கையாலும் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் தலையோடு அழுத்திக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவர் முடிவு. இழுப்பவர் கூடவே நடப்பார், அவ்வளவுதான். அதற்கு முன் இருவரும் ஒரு நொடி கண்ணோடு கண் பார்த்திருப்பார்கள். அந்தப் பார்வை கிடைக்காவிட்டால் காட்சியைத் தொடங்கக்கூடாது.

சாட்டைச் சத்தம் ஸ்பீக்கரில் போடுவதா?

இல்லை. சாட்டையின் நுனி ஒலியைவிட வேகமாகப் போவதால் வரும் நிஜமான வெடிப்பு அது.

குதிரைகளைத் துன்புறுத்துகிறார்களா?

முன்பு செய்தார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஓடும் குதிரையின் முன்கால்களைக் கம்பியால் இழுத்துக் கவிழ்த்தார்கள். 1939இல் வெளியான ஒரு ஹாலிவுட் படத்துக்காக மலைமுகட்டிலிருந்து தண்ணீரில் தள்ளப்பட்ட குதிரை இறந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பால் 1940 முதல் அமெரிக்கன் ஹ்யூமேன் என்ற விலங்கு நல அமைப்பு படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது.

இன்று நல்ல பூங்காக்களில் விழுவது ஆள்தான். குதிரையே படுக்க வேண்டுமென்றால், கடிவாளச் சைகைக்குப் படுக்கும்படி பொறுமையாகப் பழக்கி, அந்த இடத்து மண்ணையும் கிளறி மென்மையாக்குவார்கள். ஷோ முடிந்ததும் கொட்டில் பக்கம் போய்ப் பாருங்கள். கடிவாளம் உரசும் இடத்தில் புண் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் இருக்கிறதா என்பதிலேயே அந்தப் பூங்காவின் குணம் தெரிந்துவிடும்.

பெண்களுக்கு இதில் இடம் உண்டா?

தாராளமாக. பஃபலோ பில் என்ற அமெரிக்கர் 1883இல் தொடங்கிய வைல்ட் வெஸ்ட் காட்சியில் 1885 முதல் குறிபார்த்துச் சுட்டு அசத்தியவர் ஆனி ஓக்லி. குதிரைமேல் நின்றும் தொங்கியும் சாகசம் செய்பவர்களில் இன்றும் பெண்கள் நிறைய. சலூன் நடனத்துக்கு மட்டும் அழைத்தால், சண்டைக் காட்சியும் வேண்டும் என்று கேளுங்கள்.

என் மகனுக்கு 19 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும். வெளிநாட்டுப் பூங்காவில் சேர ஆசைப்படுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. விடட்டுமா?

ஜிம்னாஸ்டிக்ஸ் நல்ல அடித்தளம், அம்மா. ஆனால் குதிரையேற்றம் தெரியாமல் இந்த வேலையில் நிலைப்பது கடினம். அதை இங்கேயே கற்றுக்கொள்ளட்டும். ஷோவில் வசனம் பேச வேண்டும், கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும், ஆகவே அந்த நாட்டு மொழியும் தேவை. ஐரோப்பாவில் இத்தகைய பூங்காக்கள் பெரும்பாலும் கோடைகாலத்தை நம்பியவை. ஸ்வீடனின் ஹை சப்பரல் 1966இல் தொடங்கியது, அதுவும் அப்படித்தான். குளிர்காலத்துக்கு வேறு வருமானம் பார்த்துக்கொள்ள வேண்டும். பணி அனுமதி இல்லாமல் சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யவே கூடாது. அடிபட்டால் காப்பீடு கைகொடுக்காது.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்த வேலையில் உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு பெரிய விபத்து அல்ல. தினமும் அதே தோளில், அதே கணுக்காலில் விழும் சின்னச் சின்ன அடிகள்தான் சேர்ந்து கெடுக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மகனை நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஷோ? துப்பாக்கிகளைச் சோதிப்பது யார்? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? "இன்று இந்த ஸ்டண்ட் என்னால் முடியாது" என்று சொன்னால் சம்பளம் பிடிப்பார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம், வேறு பூங்கா பார்க்கட்டும்.