அதிகாரி என்று சொல்லி வாசலில் நிற்பவர்களிடம் வயதான பெற்றோர் ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம்?

என் பெரியம்மா ஏமாந்தது பட்டப்பகலில். 30 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்துவிட்டது, உடனே சோதிக்க வேண்டும் என்று ஒருவன் வந்தான். சமையலறைக் குழாயை முழுவதும் திறந்துவிடச் சொல்லி, "நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் அம்மா, கண்ணை எடுத்துவிடாதீர்கள்" என்றான். தண்ணீர் கொட்டிய சத்தத்தில், தாழிடாத வாசல் வழியாக இன்னொருவன் படுக்கையறைக்குப் போய் வந்தது அவர் காதில் விழவில்லை. அலமாரி காலியாக இருப்பதை மாலையில்தான் பார்த்தார்.

இப்படி ஏமாறுபவர்களை "விவரம் தெரியாத பெரியவர்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அதனால்தான் இதை முதலில் சொன்னேன். பெரியம்மாவுக்கு விவரத்தில் குறைவில்லை. வீடு தேடி வந்தவரை வெளியே நிறுத்திக் கேள்வி கேட்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஏமாற்றுகிறவர்கள் அந்த மரியாதையைத்தான் சாவியாக்கிக்கொள்கிறார்கள். ஆகவே "யாரையும் நம்பாதீர்கள்" என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. வாசலில் நின்று ஆளை எடைபோட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு வழக்கம். முன்கூட்டித் தெரிவிக்காமல் வருபவர் யாராக இருந்தாலும், அடையாள அட்டை காட்டினாலும், "அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருகிறேன், வெளியிலேயே இருங்கள்" என்று அம்மா சொல்லிவிடுவார். கதவைத் தாழிட்டுவிட்டு, கட்டண ரசீதில் உள்ள எண்ணுக்குப் பேசுவார். அட்டையில் உள்ள எண்ணுக்குப் பேசவே கூடாது. போலி அட்டை அச்சடிக்கத் தெரிந்தவனுக்கு, அதில் கூட்டாளியின் எண்ணைப் போடத் தெரியாதா? உண்மையான ஊழியர் காத்திருப்பார், அல்லது இன்னொரு நாள் வருவார். அவசரப்படுத்துகிறவரிடம்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு வாக்கியம் அம்மாவின் வாயில் எளிதில் வரவில்லை. நான் வெளியே நின்று மணியடிக்க, அவர் உள்ளிருந்து சொல்ல, ஐந்தாறு முறை ஒத்திகை பார்த்தோம். தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள். பூட்டு மாற்றுவதைவிட எங்களுக்கு இதுதான் உதவியது.

எரிவாயு கசிகிறது என்று சொல்லி வந்தால் பெரியவர்கள் பதறிவிடுவார்கள். அப்படி உண்மையிலேயே கசிந்தால், வீட்டில் இருப்பவர்களை வெளியே போகத்தான் சொல்வார்கள். அலமாரி இருக்கும் அறைக்குள் தாங்கள் நுழையக் கேட்க மாட்டார்கள். எனவே வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து எரிவாயு நிறுவனத்தை அழைக்கச் சொல்லிக்கொடுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஜன்னல் வழியாகக் கொடுக்கலாம். யாருக்காவது தொலைபேசியில் பேச வேண்டும் என்றால் எண்ணைக் கேட்டு நாமே பேசலாம். உதவி செய்வதற்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. பொருள் கொண்டுவந்தவர் "ஆர்டரை ரத்து செய்ய வேண்டும், ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்" என்றால், அந்தக் குறுஞ்செய்தியை முழுவதும் படிக்காமல் எண்ணைச் சொல்லக் கூடாது.

நகைக்கு மெருகேற்றித் தருவதாக வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும். நகை பளபளப்பாகத் திரும்பி வரும், எடை குறைந்திருக்கும். கரைந்த தங்கத்தை அந்தத் திரவத்திலிருந்து அவர்கள் பிரித்தெடுத்துக்கொள்வார்கள்.

கதவைப் பொறுத்தவரை, வெளியில் நிற்பவரைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடித் துளையும் உட்புறச் சங்கிலியும் வேண்டும். சங்கிலியைக் குட்டைத் திருகாணிகளால் பொருத்தியிருந்தால் ஓர் உதையில் பிய்த்துக்கொள்ளும். நிலைச்சட்டத்தில் ஆழமாக இறங்கும் நீளமான திருகாணிகளைப் போடச் சொல்லுங்கள். முன்வாசலுக்குப் போகும் முன் கொல்லைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். முன்னால் ஒருவன் பேச்சுக்கொடுக்கும்போது மற்றவன் அந்தப் பக்கமாக வரக்கூடும்.

கடைசியாக ஒன்று. ஏமாந்துவிட்டேன் என்று அவர்கள் வந்து சொன்னால், "ஏன் கதவைத் திறந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெரியம்மாவிடம் நான் அதைத்தான் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, திருட்டை விசாரிக்கும் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு இருவர் வந்து, மீதமிருக்கும் பணத்தையும் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அவர் கொடுத்துவிட்டார். இந்த முறை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது 4 மாதம் கடந்திருந்தது.