டிஎன்ஏவை வெட்டும் என்சைம்கள்: உருவமும் வேலையும் – கேள்வி பதில்

ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்கள் (டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் வெட்டும் பாக்டீரியாப் புரதங்கள்) பற்றி வந்த கடிதங்களில் பாதி செமஸ்டர் கேள்வி, பாதி லேப் புலம்பல். இரண்டும் கலந்தே பதில் சொல்கிறேன்.

அம்மாபேட்டை, பிஎஸ்சி மாணவி: அக்கா, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் இடங்களையே இவை ஏன் தேடுகின்றன?

ஈகோ ஆர் ஒன் என்ற என்சைமை எடுத்துக்கோங்க. அது தேடுவது ஜிஏஏடிடிசி என்ற ஆறு டிஎன்ஏ எழுத்துகளை. எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் அதேதான் வரும். என்சைமும் ஒரே புரதத்தின் இரண்டு பிரதிகள் சேர்ந்த ஜோடி. எதிரெதிரே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடும் இருவர் மாதிரி: யார் இடத்திலிருந்து பார்த்தாலும் பலகை ஒன்றுதான். ஆளுக்கு ஓர் இழையை வெட்டுகிறார்கள். உள்ளே நுழையும் வைரஸ் டிஎன்ஏவை வெட்டித் தள்ள, பாக்டீரியாவுக்கு ஒரே ஜீன் செலவில் ஆறெழுத்துக் காவல் கிடைத்துவிடுகிறது.

ஆத்தூர்: ஈகோ ஆர் ஃபைவும் அதே குடும்பம்தானே மேடம்? ஒன்று ஒட்டும் முனை தருகிறது, இன்னொன்று மொட்டை முனை. ஏன்?

வெட்டும் மையம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டிஎன்ஏவை அணுகும் பக்கம்தான் வேறு. டிஎன்ஏவின் முறுக்கில் அகலமாக ஒன்று, குறுகலாக ஒன்று என இரண்டு பள்ளங்கள் ஓடும். ஈகோ ஆர் ஒன் அகலப் பள்ளத்தின் பக்கமாக வந்து உட்காரும். அப்போது இரு வெட்டுகளும் நான்கு எழுத்து தள்ளி விழ, ஏஏடிடி என்ற ஒற்றை இழை வால் நீட்டிக்கொண்டு நிற்கும்; அதுதான் ஒட்டும் முனை. ஈகோ ஆர் ஃபைவ் குறுகிய பள்ளத்தின் பக்கமாக வரும். ஜிஏடிஏடிசியின் நட்டநடுவில் நேராக வெட்டும்; வால் இல்லாத மொட்டை முனை வரும்.

எனக்கு ஈகோ ஆர் ஃபைவ் மேல் தனிப் பிரியம் உண்டு. சரியான இடத்தில் உட்கார்ந்ததும் டிஎன்ஏவை நடுவில் ஏறத்தாழ 50 டிகிரி வளைத்துவிடும். வளைந்தால்தான் வெட்டுப்பட வேண்டிய பாஸ்பேட், மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் அமில அமினோ அமிலங்களுக்குப் பக்கத்தில் வரும். தவறான இடத்தில் அந்த வளைவு கிடையாது. 1993இல் வெளியான படிக அமைப்புகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஓர் எழுத்து மாறினால் வெட்டும் வேகம் பத்து லட்சம் மடங்கு விழுகிறது.

ஏற்காடு: காபி இலையில் எடுத்த டிஎன்ஏவை ராத்திரி முழுக்க வைத்தும் வெட்டலைங்க. ஜெல்லில் மேலேயே ஒரே பட்டையாக நிற்குது. என்சைம் கெட்டுப்போச்சா? இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா?

ஊற்றாதீங்க. முதலில் லாம்டா டிஎன்ஏவை (சோதனைக்குப் பயன்படும் ஒரு வைரஸின் டிஎன்ஏ) தனியாக வெட்டிப் பாருங்கள். ஈகோ ஆர் ஒன் என்றால் 5 வெட்டு, 6 துண்டு. அது சரியாக வந்தால் என்சைம் நல்லா இருக்கு. அப்புறம் அதே லாம்டாவில் உங்கள் காபி டிஎன்ஏவைக் கொஞ்சம் கலந்து பாருங்கள். இப்போது லாம்டாவும் வெட்டுப்படவில்லையா? குற்றவாளி இலைதான். காபியில் பாலிஃபீனால் அதிகம். அது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏ பழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இளந்தளிராகப் பறித்து, அரைக்கும்போதே பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேருங்கள்.

டிஎன்ஏ எடுக்கும்போது சேர்க்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் கரைசலில் மிஞ்சியிருந்தாலும் இதே கதைதான். அது மெக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும்; என்சைம் இடத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டாமல் உட்கார்ந்திருக்கும்.

என்சைமைக் கூட்டுவதில் வேறு வம்பு. குப்பியில் பாதி கிளிசரால். மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் என்சைம் போனால் பிடிப்பு தளர்ந்து, ஓர் எழுத்து பிசகிய இடங்களையும் வெட்ட ஆரம்பிக்கும்.

அஸ்தம்பட்டி: பாக்டீரியா தன் டிஎன்ஏவையே ஏன் வெட்டிக்கொள்வதில்லை?

அந்த இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டிவைத்திருக்கும். அது அகலப் பள்ளத்தில் துருத்திக்கொண்டு நிற்பதால் என்சைமுக்குச் சரியாகப் பொருந்தாது.

ஓமலூர், ஆசிரியர்: ஜீன் திருத்தத்துக்கு ஃபாக் ஒன்னைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

சார், ஃபாக் ஒன்னும் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்தான். ஆனால் அதில் படிக்கும் பகுதி தனி, வெட்டும் பகுதி தனி. ஜிஜிஏடிஜியைப் படித்துவிட்டு ஓர் இழையில் 9, மறு இழையில் 13 எழுத்து தள்ளி வெட்டும். படிக்கும் பகுதியைக் கழற்றி, அங்கே நமக்கு வேண்டிய இடத்தைப் படிக்கும் துத்தநாக விரல் புரதத்தை மாட்டலாம். வெட்டும் பகுதி ஜோடி சேராமல் வேலை செய்யாது. அதனால் வெட்ட வேண்டிய இடத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்றை உட்கார வைக்கிறார்கள். ஒன்று மட்டும் வழிதவறி எங்கேயாவது போய் ஒட்டினால் பெரும்பாலும் சேதமில்லை.