மோட்டார் நின்றால் குழாய் நிற்குமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி நரம்பு மின்சாரம் பற்றியவை. நீட் பருவம் போலிருக்கிறது.

கே: சோடியம்-பொட்டாசியம் பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதால்தான் நரம்புச்செல்லின் உட்புறம் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் இருக்கிறது என்கிறார்கள். பம்ப் நின்றால் நரம்பும் உடனே நின்றுவிடுமா? (பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்)

ப: நிற்காதும்மா. 30 வருடம் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன்; இந்த இடத்தில் வழுக்காத பிள்ளைகள் குறைவு. உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள். மோட்டார் சம்பிலிருந்து தண்ணீர் ஏற்றுகிறது. கரண்ட் போன பிறகும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதல்லவா? பம்ப் அந்த மோட்டார்தான். அதன் தயவில் பொட்டாசியம் செல்லுக்குள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம். சோடியம் வெளியே சுமார் 10 மடங்கு அதிகம்.

மைனஸ் 70 வருவது கசிவால். சவ்வில் பொட்டாசியத்துக்கென்று எப்போதும் திறந்திருக்கும் துளைகள் உண்டு. அவற்றின் வழியே பொட்டாசியம் நழுவும்போது பிளஸ் மின்னூட்டமும் கூடவே போகிறது. உட்புறம் மைனஸ் ஆகிறது. அந்த மைனஸே பொட்டாசியத்தைத் திரும்ப இழுப்பதால் கசிவு ஓரிடத்தில் அடங்குகிறது. 3-2 கணக்கின் நேரடிப் பங்கு சில மில்லிவோல்ட்தான்.

சரி, செய்தி வரும்போது? மின்னழுத்தம் மைனஸ் 55 வாக்கில் வந்ததும் சோடியம் கதவுகள் படபடவென்று திறக்கின்றன. சோடியம் பாய்ந்து உட்புறம் பிளஸ் 30 வரை போகும். ஒரு மில்லிசெகண்ட் வாக்கில் அந்தக் கதவுகள் அடைபட்டு, பொட்டாசியம் கதவுகள் திறந்து, பழைய நிலை திரும்பிவிடும். இதில் பம்புக்கு வேலையே இல்லை. இடம் மாறும் அயனிகளும் தொட்டியில் ஒரு டம்ளர் மொண்ட மாதிரிதான். ஆனால் மூளையின் நரம்பிழைகள் மிக மெல்லியவை. தொட்டி சின்னது, செலவோ ஓயாதது. ரத்த ஓட்டம் முழுதாக நின்றால் பம்ப் ஓட சக்தி கிடைக்காது; சில நிமிடங்களில் அந்த ஏற்றத்தாழ்வு சரிந்துவிடும். பக்கவாதம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்வது அதனால்தான்.

கே: உடம்பில் கரண்ட் ஓடினால் ஏன் ஷாக் அடிப்பதில்லை? (தாம்பரம்)

ப: ரிமோட்டில் போடும் ஒரு பேட்டரியில் இருபதில் ஒரு பங்குதான் இந்த 70 மில்லிவோல்ட். அதுவும் சவ்வின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மட்டும்.

கே: கணவாயை வைத்துத்தான் இதையெல்லாம் கண்டுபிடித்தார்களாமே, காசிமேட்டில் கிடைக்கிற அதே கணவாயா? (ராயபுரம்)

ப: அதன் பங்காளி. 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், சுமார் அரை மில்லிமீட்டர் பருமனான கணவாய் நரம்பிழைக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய் மின்முனையை நீளவாக்கில் செருகினார்கள். செய்தி ஓடும்போது உட்புறம் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும் என்றுதான் அதுவரை நம்பிக்கை. அது பூஜ்யத்தைத் தாண்டிப் பிளஸ்ஸுக்கே போய்விட்டது! நடுவில் உலகப்போர். 1952இல் சோடியம், பொட்டாசியம் கணக்கைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு. அடுத்த முறை கணவாய் வாங்கினால் தலையை இழுத்தெடுத்துவிட்டு, கூட்டை வயிற்றுப்பக்கம் கீறி விரித்து உள்சுவரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நட்சத்திரம் போல ஒரு முடிச்சு, அதிலிருந்து விரியும் வெள்ளை நூல்கள். அந்த நூல்களுக்குள்தான் இந்தப் பெரிய இழை ஓடுகிறது. மீன் வெட்டும் அக்கா அவசரப்படுத்துவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: வீங்கிய பல்லைப் பிடுங்கும்போது, மரத்துப்போகும் ஊசி இரண்டு போட்டும் வலித்தது. போலி மருந்தா? (வடபழனி)

ப: மருந்து நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம். அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகெய்ன் நரம்பின் சோடியம் கதவை உள்பக்கமிருந்துதான் அடைக்கும். உள்ளே நுழைய அது மின்னூட்டமில்லாத வடிவில் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால், பெரும்பகுதி மின்னூட்டம் பெற்று வாசலிலேயே நின்றுவிடுகிறது. எனக்கும் கடைவாய்ப்பல்லில் இப்படி ஆகி, பாடத்தில் சொன்னதெல்லாம் நாற்காலியில் ஞாபகம் வந்தது.

கே: சிறுநீரகப் பிரச்சினை உள்ள அப்பாவுக்கு இந்த வெயிலில் இளநீர் தரலாமா? (அண்ணா நகர்)

ப: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாது. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடினால் கசிவு குறையும், உட்புறத்தின் மைனஸும் குறையும், சோடியம் கதவுகள் பல அடைபட்டே கிடக்கும். கை கால் தளர்வதைவிட இதயத்துடிப்பு தடுமாறுவதுதான் பயம். கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் 5-ஐத் தாண்டியிருந்தால் இளநீர் வண்டிக்காரரிடம் விலையே கேட்க வேண்டாம்.