எழுபது வாரக் கணக்கில் ஒரு வருடம் எங்கே போனது?

கேள்வி: எருசலேமைக் கட்டக் கட்டளை வெளிப்படுவது முதல் மேசியா வரும்வரை என்று தானியேல் 9:25-இல் வரும் 7 வாரம், 62 வாரம் இரண்டையும் கூட்டி, ஒரு நாளுக்கு ஒரு வருடமாக 483 வருடமாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணினேன். கி.பி. 26 வருகிறது. எங்கள் போதகர் 27 என்கிறார், யூடியூபில் ஒருவர் 32 என்கிறார். எது சரி? மீதி ஒரு வாரத்தை வைத்து இரண்டாம் வருகையைக் கணிக்கலாமா?

பதில்: கழித்தல் சரிதான். ஆனால் கி.மு. 1-க்கு அடுத்த வருடம் கி.பி. 1, நடுவே பூஜ்ஜிய வருடம் கிடையாது. அந்த எல்லையைத் தாண்டும்போது ஒன்றைக் கூட்ட வேண்டும். போதகரின் 27 அப்படி வந்ததுதான்; அதை இயேசு ஞானஸ்நானம் பெற்ற வருடமாகக் கொள்வார்கள்.

32 வருவதற்குக் காரணம், தொடக்கமே வேறு. 457 என்பது எஸ்றா 7-இல் பெர்சிய ராஜா அர்தசஷ்டா கொடுத்த கட்டளை. அது பெரும்பாலும் ஆலயக் காரியம். நகரத்தைக் கட்ட அனுமதி நெகேமியா 2-இல், அந்த ராஜாவின் 20-ஆம் வருஷத்தில், அதாவது கி.மு. 445-இல் கிடைக்கிறது. அங்கிருந்து சாதாரண வருடமாக எண்ணினால் கி.பி. 39. இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்து அதற்கு முன்பே பதவி இழந்துவிட்டான்! அதனால் 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் போலீஸ் அதிகாரி ராபர்ட் ஆண்டர்சன், வருடத்துக்கு 360 நாள் என்று வைத்து, 1,73,880 நாட்களை எண்ணி கி.பி. 32-க்கு வந்தார். வெளிப்படுத்தல் 11-இல் 42 மாதமும் 1260 நாளும் ஒன்றாக வருவது அவருக்கு ஆதாரம். ஆனால் யூதர்கள் அவ்வப்போது 13-ஆம் மாதம் சேர்த்துப் பருவத்தோடு ஒட்டிப் போனவர்கள். 483 வருடம் தொடர்ந்து 360 நாள் வருடத்தில் யாரும் வாழவில்லை. எனக்கு 457-தான் இயல்பாகப் படுகிறது.

அதிலும் பிசிறு உண்டு. யோவான் ஸ்நானன் ஊழியம் தொடங்கியதாக லூக்கா 3:1 சொல்லும் "திபேரியு 15-ஆம் வருஷம்", முந்தைய ரோமப் பேரரசன் அகஸ்து இறந்த கி.பி. 14-இலிருந்து எண்ணினால் 28 அல்லது 29 ஆகும். திபேரியு அகஸ்துவோடு சேர்ந்து அதிகாரம் செலுத்திய காலத்தையும் சேர்த்தால்தான் 27 பொருந்தும். யூத நண்பரோடு பேசினால் இன்னொன்றும் வரும்: எபிரெயப் பிரதியில் "ஏழு வாரம்" என்பதற்குப் பின் நிறுத்தக்குறி இருக்கிறது. அதன்படி வாசித்தால் அபிஷேகம் பண்ணப்பட்டவர் 49 வருடத்திலேயே வந்துவிடுகிறார். 26-ஆம் வசனத்தில் சங்கரிக்கப்படுகிறவர் வேறொருவர்.

கடைசி வாரம் 69-ஐத் தொடர்ந்தே வந்துவிட்டது என்பார் உண்டு, இனிதான் வரும் என்பாரும் உண்டு. இனிமேல்தான் என்றாலும் அது எந்த வருடம் தொடங்கும் என்று வசனம் சொல்லவில்லை; தொடக்கம் இல்லாத இடத்தில் கூட்ட என்ன இருக்கிறது? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14-இன் 2300 நாளை வருடமாக்கி, இதே 457-இலிருந்து எண்ணி இரண்டாம் வருகை 1843-இல் என்றார். விட்டது நீங்கள் விட்ட அதே ஒரு வருடம். திருத்தி, 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். அந்த நாளும் வந்து போயிற்று.