கலப்படம் இல்லாத ஜனம் கிலோ என்ன விலை?

கேள்வி: இஸ்ரேல், ஜப்பான் போன்ற சிறிய நாடுகள் நோபல் பரிசுகளை வாங்கிக் குவிக்கின்றன. 140 கோடிப் பேர் இருந்தும் நம்மால் முடியவில்லை. அங்கே கலப்படம் இல்லாத ஒரே ஜனம், இங்கே ஆயிரம் பிரிவு, அதுதான் காரணம் என்கிறார்களே? – ஒரு வாசகர், தக்கலை.

பதில்: அண்ணாச்சி, கலப்படம்னு நீங்க எழுதினத பாத்ததும் எனக்கு நோபல் பரிசு மறந்து போச்சு, தேங்காயெண்ண ஞாபகம் வந்துட்டு. தேங்கா விலை ஏறினதுல இருந்து நம்ம ரோட்டோரத்துல எங்க பாத்தாலும் 'மரச்செக்கு' போர்டு, உள்ள போனா மரமும் இல்ல செக்கும் இல்ல, ஒரு டின்னும் ஒரு புனலும்தான் இருக்கு. இத போன வருசம் இதே பக்கத்துல எழுதினேன், ஒரு செக்குக்காரரு 'உம்ம பத்திரிகைல மட்டும் விளம்பரம் கலக்காமயா செய்தி போடுதீரு'ன்னு லெட்டர் போட்டாரு, அந்தச் சண்ட இன்னும் தீரல. பிரிட்ஜ்ல வச்சுப் பாருங்க, நல்ல எண்ணன்னா மொத்தமா உறையும், வேற எண்ண கலந்திருந்தா உறையாம தனியா நிக்கும்னு வாசகர்களுக்கு ஒரு டெஸ்ட் வேற சொல்லிக் குடுத்தேன். அவனுவ என்ன செய்தானுவ தெரியுமா, எண்ணெய்ப்பனைக் கொட்டைல எடுக்க பாம் கெர்னல் எண்ணைய கலந்தானுவ, அதுவும் கூடவே சேந்து உறையும். நம்ம நாட்ல ஆராய்ச்சி எங்க நடக்குதுன்னு கேக்கியளே, இங்கதான் நடக்கு, பரிசுதான் குடுக்க மாட்டேங்கான்.

சரி, ஜனத்துக்கு வருவோம். இஸ்ரேல் ஒரே ஜனம்னு உங்களுக்கு யாரு சொன்னா? மொராக்கோவுல இருந்து வந்தவன், ஈராக்ல இருந்து வந்தவன், எத்தியோப்பியால இருந்து வந்தவன், போலந்துக்காரன், நம்ம கொச்சில இருந்து போனவன், போதாததுக்கு ஜனத்தொகைல அஞ்சுல ஒரு பங்கு அரபுக்காரங்க. 1990கள்ல பழைய சோவியத் நாடுகள்ல இருந்து மட்டும் 10 லட்சம் பேர் கிட்ட வந்து இறங்கினாங்க, அதுல இஞ்சினியரும் டாக்டரும் ஏராளம். 2004ல வேதியியலுக்கு வாங்கின ஹெர்ஷ்கோ ஹங்கேரில பிறந்தவரு. 2009ல இஸ்ரேலோட அடா யோனத் வாங்கின அதே பரிசுல கூடப் பங்கு வாங்கினவர் நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ஆனா அவரு வேலை பாத்தது கேம்பிரிட்ஜ்ல. சிதம்பரத்து ரத்தம் கேம்பிரிட்ஜ் போனா மாறிடுமா? மாறினது லேப்தான?

ஜப்பான்ல பெரும்பாலும் ஒரே ஜனம்தான், அத ஒத்துக்கிடுதேன். ஆனா 1850லயும் அதே ஜனம்தான அங்க இருந்துது, அப்ப எங்க போச்சு இந்த விஞ்ஞானம்? 1868க்கு அப்புறம் அரசாங்கமே வெளிநாட்டு வாத்தியாருகள சம்பளம் குடுத்துக் கூட்டிட்டு வந்துது, 1872ல எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகணும்னு சட்டம் போட்டுது, பூகம்பத்த அளக்க சொல்லிக்குடுத்ததே ஜான் மில்ன்னு ஒரு இங்கிலீஷ்காரன். முத நோபல் 1949ல யுகாவாவுக்கு. இடைல முக்கா நூற்றாண்டுக்கு மேல பள்ளிக்கூடச் செலவு இருக்கு, அத யாரும் எண்ண மாட்டேங்காங்க.

சுத்தம் பண்ணித்தான் பாப்போம்னு ஒரு நாடு நெசமாவே இறங்கிச்சு. ஜெர்மனி. 1933 ஏப்ரல்ல சட்டம் போட்டு யூதப் பேராசிரியர்கள வேலைய விட்டுத் தூக்கினாங்க, அதுவரைக்கும் அறிவியல் நோபல்ல ஜெர்மனிதான் முன்னாடி. ஐன்ஸ்டைன் திரும்பி வரல. காத்துல இருந்து அம்மோனியா எடுக்க வழி சொன்ன ஹாபர், அதாவது நாஞ்சில் நாட்டு வயல்ல நாம போடுற யூரியாவுக்கு அடிப்படை போட்டவரு, ராஜினாமா பண்ணிட்டு வெளியேறி மறு வருசமே சுவிட்சர்லாந்துல செத்துப்போனாரு. இதுல 'ஜெர்மன் பௌதிகம்'னு, அதாவது யூதர் கலக்காத இயற்பியல்னு, தனியா ஒண்ணு இருக்குன்னு கொடி பிடிச்ச விஞ்ஞானி லெனார்டு யாருன்னா, இன்னைக்கு ஸ்லோவாக்கியால இருக்க ஊர்ல பிறந்தவரு! எங்க போனாலும் சுத்தம் பேசுறவன் வீட்டு அட்ரஸ முதல்ல விசாரிக்கணும் அண்ணாச்சி.

அப்படித் துரத்தப்பட்ட இயற்பியல் விஞ்ஞானி மாக்ஸ் பார்ன நம்ம சி.வி. ராமன் பெங்களூருக்குக் கூப்பிட்டாரு. 1935ல வந்தாரு, சில மாசம் இருந்தாரு, நிரந்தரமா வச்சுக்கிடுவோம்னு ராமன் எவ்வளவோ மன்றாடினாரு. அங்க இருந்த ஒரு இங்கிலீஷ் பேராசிரியர் 'சொந்த நாட்டுலயே துரத்தி விட்ட ரெண்டாந்தரமான ஆள் நமக்கு எதுக்கு'ங்க மாதிரி கூட்டத்துல பேசினாருன்னு பார்னே பின்னாடி எழுதியிருக்காரு. எடின்பரோவுக்குப் போயிட்டாரு, 1954ல நோபல் வாங்கிட்டாரு. கைல வந்து விழுந்த ஆள வேண்டாம்னு சொன்ன கதை இது, இதுல எந்தப் பிரிவு மேல பழிய போடுவீங்க?

இப்ப நம்ம ஊரு, கன்னியாகுமரி மாவட்டம். மெட்ராஸ்ல வாயத் திறந்தா 'நீங்க மலையாளியா'ன்னு கேக்கான், திருவனந்தபுரத்துல 'பாண்டியா'ன்னு, அதாவது தமிழனான்னு, கேக்கான், இத இந்தப் பக்கத்துல எத்தன தடவ புலம்பிருக்கேன்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2011 கணக்குப்படி இந்து 49 சதவீதம், கிறிஸ்தவர் 47, முஸ்லிம் 4. கலப்படம்னா இதவிட வேற என்ன வேணும்? படிப்பறிவுல தமிழ்நாட்டுலயே முதல், 92 சதவீதம் கிட்ட. இஸ்ரோ தலைவரா இருந்த மாதவன் நாயர் குலசேகரத்துல பிறந்தவரு, சிவன் சரக்கல்விளை, 2025 ஜனவரில வந்த நாராயணன் மேலக்காட்டுவிளை. சிவன் தமிழ் மீடியத்துல படிச்சு, நாகர்கோவில் இந்துக் கல்லூரிக்குப் போனவரு. இதுக்கெல்லாம் முன்னாடி 1741ல குளச்சல் சண்டைல பிடிபட்ட டச்சுக்காரத் தளபதி டிலனாய திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தூக்குல போடல, உதயகிரிக் கோட்டைல பீரங்கி வார்க்க வச்சாரு, அந்த மனுசன் கல்லறை உங்க தக்கலைக்குப் பக்கத்துலதான இருக்கு, போய்ப் பாத்திருக்கீங்களா?

இஸ்ரோ சேதி வந்தா நம்மாளு முதல்ல செய்ற காரியம் 'எங்க இனத்தின் சிங்கமே'ன்னு பிளக்ஸ் வைக்கது. அந்த போர்டுக்காரனுவளோட எனக்கு இருக்க பகை தனிக் கதை, அது அடுத்த மாசம்.

உங்க கேள்விக்கு பதில் வேணும்னா அது துட்டுல இருக்கு. மொத்த உற்பத்தில ஆராய்ச்சிக்கு இஸ்ரேல் 5 சதவீதத்துக்கு மேல போடுது, ஜப்பான் 3க்கு மேல, நாம 0.64, அதாவது முக்கா சதவீதம் கூட இல்ல. இந்தியால இருந்து வேலை பாத்து அறிவியல் நோபல் வாங்கின இந்தியர் 1930ல ராமன் ஒருத்தர்தான், அதுக்கப்புறம் வாங்கினவங்க எல்லாம் வெளிய போய் வாங்கினாங்க. ஜனத்த விடுங்க. உங்க வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் லேப் சாவி யாருகிட்ட இருக்கு, கடைசியா எப்ப திறந்தாங்கன்னு விசாரிச்சு எழுதுங்க, அடுத்த இதழ்ல உங்க பேரோட போடுதேன்.